மூன்றாம் ஓலை

ஸ்ரீவில்லிபுத்தூர்
19.01.2025

என் அருமை மகள் எலினாவுக்கு, அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நான் சுகம். நீயும் மாப்பிள்ளை கிளாட்வினும் பேரன் ஆஸ்டினும் சுகமாயிருக்கக் காலையிலும் மாலையிலும் ஜெபிக்கிறேன்.

தினமும் போனில் பேசுகிறவர், பஸ் ஏறினால் அரை மணியில் ராஜபாளையம் வந்து நிற்கிறவர், எதற்காகத் தபால்தலை ஒட்டுகிறார் என்று நீ பயப்படுவாய். பயப்படாதே. எனக்கு வியாதி ஒன்றுமில்லை. சர்க்கரைகூடக் குறைந்துதான் இருக்கிறது. போனில் சொல்லப் பல நாள் ஆரம்பித்தேன். ஒரு நாள் பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்றாய். ஒரு நாள் குக்கர் விசில் அடித்தது. மற்ற நாளெல்லாம் நானே பேச்சை மாற்றிவிட்டேன். கோர்ட்டில் அடுத்தவர் விவகாரத்தைத் தாளில் எழுதியே ஓய்வு பெற்றவன். என் விவகாரமும் தாளில்தான் வரும்போல.

உங்கள் சபை வின்சி சிஸ்டரைப் பற்றித்தான். நர்ஸ். திருவிருந்துக்கு நீ முழங்காலிடப் போகும்போது பிள்ளையை வாங்கி வைத்துக்கொள்வார்களே, அவர்கள். ஆஸ்டினின் ஞானஸ்நானத்தன்று பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். "பாட்டுல மூணாவது சரணத்த விட்டுட்டு நாலாவதுக்குப் போயிட்டீங்க. நீங்க போட்ட சத்தத்துல சபையே உங்க பின்னால வந்துருச்சு. பியானோக்காரத் தம்பி பாவம்," என்றார்கள். உன் அம்மா போனபிறகு என்னை யாரும் அப்படிக் கண்டித்ததில்லை. அன்றிலிருந்து பேசிக்கொள்கிறோம்.

நாங்கள் திருமணம் செய்துகொள்ள நினைக்கிறோம். எனக்கு அறுபத்தொன்று, அவர்களுக்கு ஐம்பத்துநான்கு. உன் அம்மா ரோசம்மாள் கர்த்தருக்குள் நித்திரையடைந்து நாலு வருஷம் ஆகிறது. உன் சம்மதம் இல்லாமல் நான் ஒரு அடி எடுத்து வைக்கமாட்டேன். ஒரு வார்த்தை எழுது.

பேரனுக்கு என் முத்தங்கள்.
உன் அப்பா,
தேவஇரக்கம்

*

ராஜபாளையம்
09.02.2025

அன்புள்ள அப்பாவுக்கு, எலினா எழுதுவது. நாங்கள் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படியிருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் சொல்லுங்கள், கிளாட்வின் வாங்கி அனுப்புவார்.

உங்கள் கடிதம் கிடைத்தது. பதில் தாமதமாகிவிட்டது. ஆஸ்டினுக்குச் சளி. இரவில் மூக்கடைத்தால் மூச்சு நிற்கிறதோ என்று நெஞ்சில் காது வைத்துப் பார்க்கிறேன். கிளாட்வின் சிரிக்கிறார். இன்னும் பல் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஆறாம் மாதத்திலேயே வந்துவிட்டதாம். தலையின் பின்பக்கம் கொஞ்சம் தட்டையாக இருப்பதுபோல எனக்குத் தோன்றுகிறது. கூகுளில் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. கேழ்வரகுக் கூழ் கொடுத்தால் துப்புகிறான், இட்லியைச் சிரித்துக்கொண்டே துப்புகிறான்.

மாமரத்துக்குத் தண்ணீர் விடுகிறீர்களா? மோட்டாரை நிறுத்த மறந்துவிடாதீர்கள்.

போன ஞாயிறு கோவிலில் வின்சி ஆன்ட்டி கையை நீட்டினார்கள். பிள்ளையைக் கொடுத்தேன். வேறு ஒன்றும் பேசவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
உங்கள் மகள்,
எலினா

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
16.02.2025

அருமை மகளுக்கு, சமாதானம் உண்டாவதாக. முழங்கால் பரவாயில்லை. மோட்டாரை நிறுத்துகிறேன். பல் வரும், உனக்கே பதினோராம் மாதம்தான் வந்தது, வந்தவுடன் என்னைத்தான் கடித்தாய்.

நீ கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டேன். நான் கேட்டதற்கு உன் கடிதத்தில் தேடினேன். பிள்ளையின் தலைக்கும் மாமரத்துக்கும் நடுவில் எங்காவது இருக்குமோ என்று இரண்டாம் முறையும் படித்தேன். பரவாயில்லை. மெதுவாக எழுது.

அடுத்த வீட்டு வேங்கடேசனிடம் மட்டும் சொன்னேன். காலையில் அவரோடுதான் நடக்கப் போகிறேன். தேரடி வந்ததும் நின்றார். பிறகு, "ஓய், மகள் என்ன சொல்லுமோன்னு பயந்துக்கிட்டு இருக்கீர். இது எந்த ஊரு? ஆண்டாள் தன் மாப்பிள்ளையைத் தானே பாத்துக்கிட்ட ஊரு. இங்க இருந்துக்கிட்டு இதுக்குப் போயி வெக்கப்படலாமா?" என்றார். வீட்டில் ஜயலக்ஷ்மியம்மாவிடமும் சொல்லிவிட்டார் போல. சாயங்காலம் ஒரு கிண்ணம் பால்கோவா வந்தது. சர்க்கரைக்காரனுக்குப் பால்கோவா கொடுத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று நீயே சொல்.

உனக்கு வேண்டாமென்றால் வேண்டாம் என்றே எழுது. வருத்தப்பட மாட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உன்மேல் வருத்தப்பட மாட்டேன்.

அப்பா

*

ராஜபாளையம்
12.03.2025

அன்புள்ள அப்பாவுக்கு, நாங்கள் சுகம். லெந்து காலம் தொடங்கிவிட்டது. சர்க்கரையை வைத்துக்கொண்டு உபவாசம் இருக்காதீர்கள், மாத்திரையை விடாதீர்கள்.

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எழுதிவிடுகிறேன், கோபப்படாதீர்கள்.

அம்மாவின் சேலைகள் பீரோவில் இருக்கின்றன. அவற்றை எங்கே வைப்பீர்கள்? முன்னறையில் இருக்கிற அம்மா படத்தை எங்கே மாட்டுவீர்கள்? நான் அங்கே வந்தால் அடுக்களைக்குள் கேட்டுவிட்டுப் போக வேண்டுமா? எம்.எஸ்ஸி. படித்தவள் கேட்கிற கேள்வியா என்று நினைப்பீர்கள். படித்ததெல்லாம் வேறு இடத்தில் இருக்கிறது, அப்பா.

இன்னொன்று. வாராவாரம் என் பிள்ளையை அந்தக் கையில்தான் கொடுத்தேன். கோவிலில் வேறு யாரிடமும் அவன் போகமாட்டான். நான் நிம்மதியாக முழங்காலிடுவது அந்த ஐந்து நிமிஷம்தான். அவ்வளவு நாளும் அவர்கள் உங்களோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

உங்களுக்குச் சபை இருக்கிறது, பாடகர் குழு இருக்கிறது, வேங்கடேசன் மாமா இருக்கிறார், நாங்கள் இருக்கிறோம். இந்த வயதில் கல்யாணம் எதற்கு, அப்பா? உண்மையாகவே கேட்கிறேன்.

எலினா

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
17.03.2025

என் மகளுக்கு, கிருபையும் சமாதானமும். உன் கோபம் கிடைத்தது. மாமரத்தைப் பற்றி எழுதியதைவிட இது எனக்குச் சந்தோஷம்.

சேலைகள் உன்னுடையவை. எடுத்துப் போனாலும் சரி, அங்கேயே இருந்தாலும் சரி. படம் இருக்கிற இடத்தில் இருக்கும். அதை இறக்கக் கூடாது என்று முதலில் சொன்னது நானல்ல, வின்சி. அடுக்களைக்குள் யாரும் யாரையும் கேட்க வேண்டாம். அங்கே இப்போது ஒரு தோசைக்கல்லும் நானும்தான் இருக்கிறோம்.

எதற்கு என்று கேட்டாயே. தினமும் எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம் பண்ணுகிறேன். உன் அம்மா இருந்தபோது செய்ததுபோலவே பாட்டுப் பாடி, ஒரு அதிகாரம் சத்தமாக வாசித்து, ஜெபிக்கிறேன். ஜெபம் முடிந்ததும் யாராவது ஆமென் சொல்ல வேண்டுமே. செத்த நேரம் நிற்கிறேன். பிறகு நானே சொல்லிக்கொள்கிறேன். ஒருவன் தன் ஜெபத்துக்குத் தானே ஆமென் சொல்வது தன் முதுகைத் தானே தட்டிக்கொடுப்பதுபோல இருக்கிறது. கோவிலில் இருநூறு பேர் ஆமென் சொல்கிறார்கள், உண்மைதான். ஆனால் நான் எதற்காக ஜெபித்தேன் என்று தெரிந்து சொல்கிற ஆமென் வேறு. வாலிபத்தில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. அப்போது விசுவாசம் என்றால் பாடகர் குழுவும் பண்டிகை வேலையும்தான். இப்போதுதான் அது ராத்திரிச் சாப்பாடுபோல, தனியாக இறங்க மாட்டேன் என்கிறது.

இனி நடைமுறை. ஈஸ்டர் கழிந்து வியாழக்கிழமை கல்யாணம் என்று யோசிக்கிறோம். அதற்குமுன் மூன்று ஞாயிறு ஆராதனையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும். மாப்பிள்ளை சபையிலும் வாசிப்பார்கள், பெண் சபையிலும் வாசிப்பார்கள். பெண் சபை உன் சபை. "தடை அறிந்தவர்கள் சொல்லுங்கள்" என்று போதகர் கேட்பார் அல்லவா, அந்தக் கேள்வி சபைக்கு. எனக்கு அது உன்னிடம் கேட்கிற கேள்வி. மார்ச் முப்பது முதல் வாசிப்பு. அதற்குள் வேண்டாமென்று ஒரு வரி வந்தால் ஓலையை நிறுத்திவிடுவேன். வராமல், மூன்று வாரமும் நீ உட்கார்ந்து கேட்டுவிட்டாயானால், அதையே சம்மதமாக எடுத்துக்கொள்வேன்.

ஓலையில் என்னைத் 'தபுதாரன்' என்று வாசிப்பார்கள், மனைவியை இழந்தவன் என்று அர்த்தம். "பழைய வார்த்தை, விட்டுருவமா?" என்று எங்கள் போதகர் கேட்டார். விட வேண்டாம் என்றேன்.

அப்பா

*

ராஜபாளையம்
31.03.2025

அன்புள்ள அப்பாவுக்கு, சுகம்தானே? வெயில் ஏறிவிட்டது, நடைக்குப் போகும்போது தொப்பி போடுங்கள்.

வேண்டாமென்று நான் எழுதவில்லை. எழுத முடியவில்லை. ஆனால் நேற்று ஓலையைக் கேட்கவும் இல்லை. போதகர் ஐயா அறிவிப்புத் தாளை எடுத்ததும் ஆஸ்டின் அழ ஆரம்பித்தான். வழக்கமாக ஓடிவந்து வாங்குகிற கை இல்லை. ஓலை வாசிக்கிற வாரங்களில் பெண் கோவிலுக்கு வராமல் இருப்பது இங்கே வழக்கமாம். ஐம்பத்துநாலு வயதிலுமா என்று கேட்காதீர்கள், வரவில்லை. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டேன். உள்ளே போனபோது காணிக்கைப் பாட்டு.

வாசலில் சமுத்திரம் பெரியம்மா பிடித்துக்கொண்டார்கள், உங்களுக்குத்தான் தெரியுமே, பின்பெஞ்சில் உட்கார்ந்து முன்பெஞ்சுக்குக் கேட்கப் பேசுவார்கள். "ஏட்டி எலினா, ஒங்கப்பாவுக்கு ஓலை வாசிச்சாச்சு. நீ என்னட்டி புள்ளையத் தூக்கிட்டு வேப்பங்காத்து வாங்குத?"

"அழுதான், பெரியம்மா."

"அவன் அழுதானா, நீ கிள்ளுனியா?"

கிள்ளவில்லை, அப்பா. ஆனால் அழுததும் எனக்கு ஆறுதலாக இருந்தது.

எலினா

*

ராஜபாளையம்
07.04.2025

அன்புள்ள அப்பாவுக்கு, முதலில் சொல்லிவிடுகிறேன், ஆஸ்டின் இப்போது நலம். போனில் சொன்னால் உடனே பஸ் ஏறுவீர்கள் என்று நேற்றுச் சொல்லவில்லை.

நேற்றுக் காலை கோவிலுக்குப் புறப்படும்போது உடம்பு கொதித்தது. கிளாட்வின் மில்லில் ஷிப்ட். டாக்டர் போனை எடுக்கவில்லை. யாரைக் கூப்பிடுவது என்று யோசிப்பதற்கு முன்பே விரல் அந்த எண்ணை அழுத்திவிட்டது. பத்து நிமிஷத்தில் வின்சி ஆன்ட்டியின் ஸ்கூட்டர் வாசலில் நின்றது.

"எம்புட்டு இருக்கு?"

"நூத்தியொண்ணு, ஆன்ட்டி."

"அம்புட்டுதானா? நீ போன்ல அழுத அழுகைக்கு நான் நூத்திநாலுன்னுல்ல நினைச்சேன். இந்த வெயில்ல ரெண்டு சட்டையும் குல்லாயுமா? கழட்டு. சூடு வெளிய போக வேணாமா?"

துணி நனைத்துத் துடைத்தார்கள். மருந்து கொடுத்தார்கள். ஈற்றைத் தடவிப் பார்த்து என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார்கள். அப்பா, பல். அரிசி நுனி மாதிரி. "காய்ச்சல் பல்லால வராது, அது வேற. ஆனா ரெண்டும் ஒரே நாள்ல வந்துருக்கு, கெட்டிக்காரன்," என்றார்கள். மத்தியானம்வரை மடியிலேயே வைத்திருந்தார்கள். இறங்கவே மாட்டேன் என்றான்.

அந்த நேரம் அங்கே கோவிலில் இரண்டாம் ஓலை வாசித்துக்கொண்டிருப்பார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். கோவில் மணி வீடுவரை கேட்கும். மணி அடித்தது. அவர்கள் பிள்ளையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் கேட்டேன்.

"ஏன் ஆன்ட்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொல்லணும்னுதான் வருவேன். நீ புள்ளைய நீட்டுவ. சொன்னா அடுத்த வாரம் நீட்ட மாட்டியோன்னு பயமா இருக்கும். வாங்கிக்கிட்டுப் பேசாம இருந்துருவேன்." பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டே, "அவியகிட்ட, ஒங்கப்பாகிட்டகூட, அம்புட்டு பயம் இல்ல. ஒங்கிட்டதான்," என்றார்கள்.

நான் எழுந்து அடுக்களைக்குப் போனேன். காபி போட்டேன். சீனி போட மறந்துவிட்டேன், அவர்களும் சொல்லாமல் குடித்துவிட்டார்கள்.

எலினா

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
09.04.2025

என் மகளுக்கு, ஸ்தோத்திரம். பல்லுக்காக ஜயலக்ஷ்மியம்மா வீட்டில் கேசரி. நீ காய்ச்சலை மறைத்ததற்கான கோபத்தை மறுபடி போனில் பேசும்போது காட்டுகிறேன்.

வின்சி காபியைப் பற்றி என்னிடம் சொல்லவில்லை. உன் வீட்டுக்கு வந்ததைக்கூடச் சொல்லவில்லை. உங்கள் இரண்டு பேருக்குள் நடந்ததை நான் கேட்டாலும் சொல்லமாட்டார்கள் என்று புரிந்துகொண்டேன்.

இங்கே ஓலை வாசிக்கும்போது நான் பாடகர் குழுவில்தான் நின்றேன், ஒளிய இடமில்லை. வாலிபர் சங்கத்துப் பையன்கள் கைதட்டிவிட்டார்கள். போதகர் முறைத்தார்.

குருத்தோலை ஞாயிறு மூன்றாம் வாசிப்பு. உனக்குக் கஷ்டமென்றால் அன்று கோவிலுக்குப் போகாமல் இங்கே வந்துவிடு. நான் கேட்ட முறை தப்பு என்று இப்போது தோன்றுகிறது. சபைக்கு நடுவில் உட்கார வைத்துப் பிள்ளையிடம் சம்மதம் வாங்குகிறவன் என்ன அப்பன்?

அப்பா

*

ராஜபாளையம்
14.04.2025

அன்புள்ள அப்பாவுக்கு, எல்லோரும் சுகம். உங்களுக்கு நேற்றே செய்தி வந்திருக்கும். ஆனால் நடந்ததை நான் சொல்ல வேண்டும்.

கோவிலுக்குப் போனேன். பவனியில் ஆஸ்டினைத் தூக்கிக்கொண்டு தெரு முழுக்க நடந்தேன். அவன் குருத்தோலையைப் புதுப்பல்லால் கடித்துக்கொண்டே வந்தான். அதில் களைத்து, உள்ளே வந்ததும் தோளில் தூங்கிவிட்டான். முதல் ஓலைக்கு அப்படி அழுதவன், நேற்று அசையவில்லை. கிள்ளலாமா என்றுகூட நினைத்தேன், அப்பா. பெரியம்மா சொன்னது சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

ஐயா ஓலையை எடுத்தார். நான் காதை மூடாத குறை. மனசுக்குள் பதினேழாம் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் தப்பிப் போய்விட்டது. அதற்குமேல் இருக்க முடியாமல் வெளியே போகலாமென்று எழுந்தேன்.

எழுந்த பிறகுதான் கவனித்தேன். "தடை அறிந்தவர்கள் இருந்தால் இப்போது சொல்லக் கடவர்கள்" என்று வாசித்துவிட்டு ஐயா நிமிர்ந்திருக்கிறார். கோவில் முழுக்க உட்கார்ந்திருக்கிறது, நான் மட்டும் நிற்கிறேன். பின்னாலிருந்து ஒரு குரல், "ஏலே, எந்திரிச்சிட்டாளே." கிளாட்வின் ஆண்கள் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "சொல்லும்மா," என்றார், மெதுவாக.

உட்கார்ந்திருக்கலாம். பிள்ளையைக் காட்டிவிட்டு வெளியே போயிருக்கலாம். நிஜமாகவே சொல்கிறேன், வேண்டாம் என்ற வார்த்தையும் வாய்வரை வந்தது. வந்ததும், வின்சி ஆன்ட்டி சீனியில்லாத காபியைக் குடித்த முகம் ஞாபகம் வந்தது. நீங்கள் ஜெபம் முடித்துச் செத்த நேரம் நிற்பதாக எழுதினீர்களே, அதுவும்.

"ஐயா, இன்னொரு தடவ வாசிங்க. மூணு வாரமும் நான் கேக்கல," என்றேன்.

ஐயா தாளைத் திரும்ப எடுத்தார். கண்ணாடியை மாட்டினார். முதலிலிருந்து வாசித்தார். நான் நின்றுகொண்டே கேட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் சபையைச் சேர்ந்த தபுதாரன் தேவஇரக்கம். அந்த ஒரு வார்த்தையில் அம்மா இருந்தார்கள், அப்பா. சபைக்கு நடுவில், உங்கள் பெயருக்கு முன்னால், சத்தமாக. நான் இவ்வளவு நாள் பயந்தது அம்மாவை விட்டுவிட்டு வாசித்துவிடுவார்கள் என்றுதான். விடவில்லை. பிறகு, இச்சபையைச் சேர்ந்த கன்னிகை வின்சி. சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

"தடை ஏதும் உண்டாம்மா?"

"இல்லங்கய்யா."

உட்கார்ந்தேன். சபையே மூச்சு விட்டது. சமுத்திரம் பெரியம்மா, "அப்பாடா, கறிக்குச் சொல்லிறலாம்," என்றார்கள், முன்பெஞ்சுக்குக் கேட்க.

ஆராதனை முடிந்ததும் நேரே வின்சி ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர்கள் கையில் கரண்டி. எனக்கு முன்பே யாரோ போன் பண்ணி, எலினா எழுந்து நின்றுவிட்டாள் என்பதுவரை சொல்லி, மீதியைச் சொல்வதற்குள் சார்ஜ் தீர்ந்துவிட்டதாம். முகத்தில் ரத்தமே இல்லை. நான் பிள்ளையை நீட்டினேன். கரண்டியைக் கீழே போட்டுவிட்டு வாங்கிக்கொண்டார்கள்.

"இனி என்னன்னு கூப்பிடணும்?" என்று கேட்டேன்.

"வாயில எது வருதோ அது. ஆனா கூப்பிடு."

சித்தி என்று வந்தது.

எலினா

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
16.04.2025

என் மகளே,

சுகம். அதற்குமேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. உங்கள் போதகர் போனில், "ஓலையைத் திருப்பி வாசிக்கச் சொன்ன ஆளை இப்பத்தான் பாக்கேன்," என்றார். வேங்கடேசன் அதைத் தேரடிவரை எல்லாரிடமும் சொல்லிவிட்டார். நான் எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் சிரிக்கிறேன், கோர்ட்டில் எனக்கு ஆகாத வக்கீலுக்கும் சிரித்துவிட்டேன்.

பெரிய வெள்ளிக்குப் பிள்ளையோடு வா. உன் கடிதத்தை இதற்குமேல் திரும்பத் திரும்பப் படிக்கமாட்டேன். கண் கெட்டுப்போகும்.

அப்பா

*

ராஜபாளையம்
11.05.2025

அன்புள்ள அப்பாவுக்கும் சித்திக்கும், நாங்கள் மூவரும் நலம். இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுகிற முதல் கடிதம். கல்யாணத்தில் மிஞ்சிய லட்டெல்லாம் தீர்ந்தது. ஆஸ்டினுக்கு இப்போது நாலு பல். கிளாட்வினைக் கடிக்கிறான்.

நேற்றுச் சாயங்காலம் போன் பேசி முடித்ததும் நீங்கள் அதை அணைக்க மறந்துவிட்டீர்கள், அப்பா. மேசையில் வைத்துவிட்டீர்கள் போல. நான் வைத்துவிடத்தான் இருந்தேன், அதற்குள் சித்தியின் குரல் கேட்டது.

"இந்தாங்க, ஈரத் துண்ட கட்டில்ல போடாதீங்கன்னு எத்தன வாட்டி சொல்ல?"

"கொடியில இடம் இல்ல."

"கொடி பூரா ஒங்க வேட்டியா கெடக்கு. காஞ்சத எடுத்தா இடம் இருக்கும்."

"எடுக்கேன், எடுக்கேன்."

"எடுக்கேன்னு உக்காந்துருந்தா?"

"நாலாவது சரணம் என்னன்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

"மொதல்ல மூணாவதப் பாருங்க."

பிறகு நீங்கள் சிரித்தீர்கள். கோவிலில் பாடுகிற அதே குரலில், வீட்டுக்குள். எனக்கு அடுப்பில் பிள்ளையின் கஞ்சி பொங்கி வழிந்துவிட்டது, அடி பிடித்த வாசம் வந்தது. அப்படியே நின்று, துண்டு கொடிக்குப் போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

உங்கள் மகள்,
எலினா